நாற்பது பல் பூண்டும் ஒரு நாட்டுக்கோழியும்
(மாரியூர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

மாரியூர்ப் பெருமக்களே! தாய்மார்களே! சாயல்குடியிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே! முன்னால் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே! 

பூவேந்தியநாதரும் பவளநிறவல்லியும் மன்னார் வளைகுடாக் கரையில் கோயில் கொண்ட ஊர் இது. ஈசனே வலை வீசிச் சுறாவைப் பிடித்த திருவிளையாடலைச் சித்திரைத் திருவிழாவில் கடலில் இறங்கி நடத்திக் காட்டும் ஊர் இது. இந்த ஊருக்கு மீன் குழம்பைப் பற்றிச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆகவே நான் கோழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோழியையும் வெள்ளைப்பூண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பிரான்சு நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரமாக, ப்ரொவான்ஸ் என்றொரு சீமை இருக்கிறது. மார்செய் என்ற பெரிய துறைமுகம் அங்கேதான் உள்ளது. வெயில் அடிக்கும் சீமை, மீன்பிடிக்கிற சீமை, பூண்டில்லாமல் சோறு இறங்காத சீமை. வேகவைத்த கருவாட்டு மீனுக்குக்கூடப் பூண்டை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்வார்கள். அந்தச் சீமையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கோழிக்கறிதான் இன்றைக்கு என் பொருள். ஒரு முழுக் கோழிக்கு நாற்பது பல் பூண்டு. மசாலா இல்லை, மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை. மூடியை ஒட்டி அடைத்துவிட்டு, தன் சாற்றிலேயே கோழியை மெல்ல மெல்ல வேகவைக்கிறார்கள். ஜேம்ஸ் பியர்ட் என்ற சமையல் ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறகு அமெரிக்க வீடுகளிலும் இது பரவிவிட்டது.

நாற்பது பல்லா? எந்த ஊரில் இதைச் சொன்னாலும் தாய்மார்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நாற்பது பல் போட்டால் நாறாதா? நாக்கு எரியாதா? கோழியின் ருசி செத்துப் போகாதா? நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்கிறீர்களே, அதற்கு எத்தனை பல் உரிக்கிறீர்கள்? எண்ணித்தான் போடுகிறீர்களா, இரண்டு கையாலும் அள்ளிப் போடுகிறீர்களா? பூண்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்கு எத்தனை முழுப்பூண்டு உடைக்கிறீர்கள்? நோன்பு மாதத்தில் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் வாலிநோக்கத்திலும் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சுகிறார்களே, அந்தக் கஞ்சிக்கு எவ்வளவு பூண்டு இறங்குகிறது? நாற்பது பல்லைக் கண்டு நாம் மிரள வேண்டிய அவசியமே இல்லை. அள்ளிப் போடுகிற கை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, கையாளும் முறையில் இருக்கிறது. கோழிக்கறி என்றாலே நாம் பூண்டை இடிக்கிறோம், அரைக்கிறோம், இஞ்சியோடு சேர்த்து விழுதாக்குகிறோம். இப்போது அந்த விழுதும் பொட்டலத்தில் வந்துவிட்டது. அவர்கள் இந்தக் கறிக்குப் பூண்டை இடிப்பதில்லை, நறுக்குவதில்லை, கீறுவதுகூட இல்லை. முழுப்பல்லாகப் போடுகிறார்கள். இந்தக் கறியின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முழுப்பல்லை முகர்ந்து பாருங்கள், வாசமே இருக்காது. அதையே நசுக்கிப் பாருங்கள், கண்ணீர் வரும். ஏன்? பூண்டின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அல்லியின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையில் இருக்கிறது. பல் முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நசுக்கினால் சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. காரமும் நெடியும் அந்த அல்லிசின் செய்கிற வேலை. முழுப்பல்லைச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும்? அறைச் சுவர் உடையும் முன்பே நொதி சூட்டில் செயலிழந்துவிடும். பிறகு கலந்தாலும் பயனில்லை, காரம் பிறக்காது.

சரி, காரம் பிறக்கவில்லை. இனிப்பு எங்கிருந்து வருகிறது? பூண்டில் உள்ள மாவுச்சத்தில் பெரும்பகுதி ஃப்ரக்டான் என்ற வகை. அது பழச்சர்க்கரையின் நீண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால் அந்தச் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும், பழச்சர்க்கரை பிரியும். அதனால்தான் நாற்பது பல் போட்டும் இந்தக் கறி எரிவதில்லை. பல்லை இரண்டு விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல் பிதுங்கி வருகிறது. வாயில் வைத்தால் இனிக்கிறது. நான்கு பல்லை இடித்துப் போட்ட கறியில் அடிக்கும் நெடிகூட இந்த நாற்பது பல்லில் இல்லை.

இனிக் கோழிக்கு வருவோம். நம் முற்றத்தில் மேய்ந்து வளர்ந்த கோழிக்குக் கால் உறுதி, தொடை உறுதி. ஓடுகிறது, கிளறுகிறது, மரத்தில் ஏறி அடைகிறது. ஆகவே அதன் சதையில் கொலாஜன் என்ற பசைநார் மிகுதி. வெடைக்கோழியைவிட முட்டையிட்டு ஓய்ந்த கோழியில் அது இன்னும் இறுக்கம். பெருநெருப்பில் கொதிக்கவிட்டால் சதை சுருங்கிச் சாற்றைக் கக்கிவிடும், நார் மட்டும் பல்லில் மாட்டும். மெல்லிய சூட்டில் ஈரத்தோடு நெடுநேரம் வைத்தால் அந்தப் பசைநாரே இளகி ஜெலட்டினாகி, சாற்றுக்குக் கொழுமை தரும். ஆகவே பெருநெருப்பு இதற்குப் பகை.

இதை உங்களுக்குப் புரியவைக்க நான் பிரான்சுக்குப் போக வேண்டாம். கடலாடி, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரம் முழுக்கச் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகிறார்களே, அதைப் பாருங்கள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் கனியவிடுகிறார்கள். காற்று தாராளமாய்ப் புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். அடைத்துக் காத்திருந்தால் கரி கிடைக்கும். இந்தக் கோழிச் சட்டியும் ஒரு சின்ன மூட்டம்தான். மூட்டக் கரியை ஊருக்கெல்லாம் ஏற்றுமதி செய்கிற இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பொறுமையான நெருப்பைப் பற்றி யார் பாடம் நடத்த முடியும்?

செய்முறையைச் சொல்கிறேன். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றேகால் கிலோ அளவில் ஒரு நாட்டுக்கோழி. தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். இறகைப் பறித்து, மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டும் நம் பழக்கமே இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் தோலில்தான் கொழுப்பும் பசையும் இருக்கின்றன. எட்டுப் பெருந்துண்டாக வெட்டுங்கள். சின்னச் சின்னதாய்க் கொத்தினால் எலும்பு சிதறும், சதை உதிரும். வாலிநோக்கத்து உப்பைத் தடவி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயில் போட்டதும் வெந்துவிடும், சிவக்காது.

அடி கனத்த சட்டி ஒன்று. அதில் நான்கு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். உடனே கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள். தோல் சிவந்தால் தானாகவே சட்டியை விட்டு எழும்பும். இருபுறமும் செந்நிறமானதும் எடுத்துத் தட்டில் வையுங்கள். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கழுவிவிடாதீர்கள். சாற்றின் ருசியில் பாதி அதில் இருக்கிறது.

பூண்டு நாற்பது பல், மூன்று அல்லது நான்கு முழுப்பூண்டு. வெளிச்சருகை உதிர்த்துவிடுங்கள், பல்லின் மேல்தோலை மட்டும் விட்டுவையுங்கள். அந்தத் தோல் பல்லைக் கரையாமல் காக்கும். அதே எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும். கருகவிட்டால் கறி முழுவதும் கசக்கும், அதற்கு மாற்றே கிடையாது. பத்துப் பதினைந்து சின்ன வெங்காயத்தையும் முழுதாகச் சேருங்கள். கோழியை மீண்டும் சட்டிக்குள் அடுக்குங்கள். ஒன்றிரண்டாய்த் தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி, ஒரு பிரிஞ்சி இலை.

ப்ரொவான்ஸ்காரர்கள் இந்த இடத்தில் தைம் என்ற செடியின் இலையைப் போடுவார்கள். அது இங்கே கிடைக்காதே என்று கவலைப்பட வேண்டாம். தைம் இலைக்கு அந்த வாசத்தைக் கொடுப்பது தைமால் என்ற பொருள். அதே தைமால் நம் ஓமத்தில் நிறைய இருக்கிறது. உங்கள் கொல்லையில் சளிக்குக் கிள்ளும் கற்பூரவல்லியும் அந்த வாசக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அரைத் தேக்கரண்டி ஓமம், நான்கைந்து கற்பூரவல்லி இலை, அவ்வளவு போதும். வெள்ளைத் திராட்சை மதுவை அவர்கள் ஊற்றுவார்கள். நமக்கு அது வேண்டாம். அதிலிருந்து சாற்றுக்குக் கிடைக்க வேண்டியது சிறிது புளிப்புத்தான். ஒரு தம்ளர் வெந்நீரும் அரை எலுமிச்சம்பழச் சாறும் அந்த வேலையைச் செய்துவிடும்.

மிளகாய்? முண்டு மிளகாய் விளையும் மண் இது. 2023ஆம் ஆண்டில் இராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த ஒரு கறிக்கு மிளகாயை ஒதுக்கி வையுங்கள். பூண்டின் இனிப்பு மென்மையானது. முண்டின் காரம் வந்து நின்றால் அது தெரியாமலே போய்விடும்.

இப்போது மூடி. கோதுமை மாவைக் கெட்டியாய்ப் பிசைந்து, கயிறாய் உருட்டி, சட்டியின் விளிம்பில் சுற்றி ஒட்டி, மூடியை அழுத்துங்கள். பிரெஞ்சுக்காரரும் மாவால்தான் அடைக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணிக்குத் தம் போடுபவரும் மாவால்தான் அடைக்கிறார். சட்டிக்குக் கீழே கொஞ்சம் கங்கு, மூடிமேல் கொஞ்சம் கங்கு. கேஸ் அடுப்பானால் தீ இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைத்து, அடியில் ஒரு தோசைக்கல்லை வையுங்கள். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பிராய்லர் கோழியானால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். வெந்ததா வெந்ததா என்று பார்க்கத் துடிக்கும் கையை அடக்குங்கள்.

குக்கரில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். குக்கருக்குள் சூடு 120 பாகை செல்சியஸ் வரை ஏறும். கோழி சீக்கிரம் வேகும், மறுக்கவில்லை. ஆனால் பூண்டு குழைந்து உருத்தெரியாமல் போகும், சாறு நீர்த்து நிற்கும். வேறு வழியில்லாத வீட்டில் குக்கரில் வையுங்கள். வழி இருக்கிற வீட்டில் சட்டியை எடுங்கள்.

திறந்ததும் பத்துப் பல்லைச் சாற்றில் பிதுக்கிக் கரையுங்கள், சாறு கெட்டியாகும். மீதி முப்பதைக் கோழியோடு பரிமாறுங்கள். ப்ரொவான்ஸ்காரர்கள் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தடவித் தின்பார்கள். நீங்கள் கல்தோசையில் தடவித் தின்னுங்கள், இடியாப்பத்தில் சாற்றை ஊற்றித் தின்னுங்கள். இரண்டுக்கும் அருமையாகச் சேரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எஞ்சிய பூண்டு எண்ணெயில் மிதக்கிறதே, அதைப் புட்டியில் போட்டு அடுக்களை மாடத்தில் வைத்துவிடாதீர்கள். 1985ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டு வைத்த நறுக்குப் பூண்டைத் தின்ற 36 பேருக்குப் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வந்தது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் அந்தக் கிருமி காற்றில்லாத இடத்தில் பெருகும், புளிப்பில்லாத இடத்தில் பெருகும். எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டு அதற்கு வசதியான இடம். நம் ஊறுகாயில் புளிப்பும் உப்பும் இருப்பதால் அது தாங்குகிறது, இது தாங்காது. ஆகவே எஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பூண்டு மருந்தாயிற்றே, நாற்பது பல்லும் மருந்துதானே என்றும் யாரும் எண்ண வேண்டாம். மருந்தென்று மக்கள் தேடும் அல்லிசின் இந்தக் கறியில் பிறக்கவே இல்லை. ருசிக்காகச் செய்யுங்கள். ருசி சிறிய காரணமல்ல.

பெரியோர்களே! பிரான்சு எங்கோ, மாரியூர் எங்கோ என்று சிலர் நினைக்கலாம். நான் புதுச்சேரியில் ஓர் ஓட்டல் அடுப்படியில் வேலை பார்த்தவன். அங்கே கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். 1674 முதல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய ஊர் புதுச்சேரி. 1739இல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இணைந்தது. இத்தனை நாள் ஒரே ஊரில் இரண்டு அடுப்புகள் எரிந்தால் ஒன்றின் வாசம் இன்னொன்றுக்குப் போகாமல் இருக்குமா?

போயிருக்கிறது. சாட்சி நம் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் காயவைக்கிறோமே, அந்த வடகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொண்டுபோனார்கள். இன்றைக்கு வடுவான் என்ற பெயரில் ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்களில் அது புழங்குகிறது. கோழிக்குத் தூவுகிறார்கள், மீனுக்குத் தூவுகிறார்கள். நம் பாட்டிமார் முறத்தில் உலர்த்திய பொருள் அது. அங்கே அதற்கு மதிப்பு. இங்கே அதை இடிக்க ஆளில்லை என்று பல வீடுகள் விட்டுவிட்டன. இது எனக்குப் பெரிய வருத்தம். இந்தக் கோழிச் சட்டியை மூடும் முன் ஓர் உருண்டை வடகத்தை எண்ணெயில் பொரித்துப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரிச் சமையற்காரர்கள் யாரும் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பாதையும் உண்டு, அது இந்தக் கடல் வழியாகப் போகிறது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து படகேறி இந்த மாவட்டத்தின் கரைக்கு வந்தார்கள் மக்கள். மண்டபம் அகதிகள் முகாம் உங்களுக்குத் தெரியும். அதே காலத்தில் வேறு பலர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே லா சப்பல் பகுதியில் இன்று தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அப்படிப் போனவர்களில் ஏராளமானோருக்குக் கிடைத்த வேலை உணவகச் சமையலறையில்தான். தட்டுக் கழுவினார்கள், பூண்டு உரித்தார்கள், காய் நறுக்கினார்கள், பிறகு அடுப்படிக்கே வந்தார்கள். பாரிசில் பிரெஞ்சுக்காரர் ரசித்துண்ணும் எத்தனையோ கறிகளைத் தமிழ்க் கைகள் கிண்டி இறக்குகின்றன. பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. இந்த மேடையிலிருந்து அந்தக் கைகளுக்கு என் மரியாதையைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரரிடம் நாம் கற்க வேண்டியது கறியை மட்டுமா? ப்ரெஸ் என்ற பகுதியின் கோழிக்கு 1957லேயே சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். அந்த மண்ணில், அந்த முறையில் வளர்ந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம். லோட்ரெக் ஊரின் இளஞ்சிவப்புப் பூண்டுக்கு 1966இல் தர முத்திரை, 1996இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு. ஒரு கோழிக்கும் ஒரு பூண்டுக்கும் இத்தனை காவல்! நம்மிடம் என்ன இல்லை? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காரம் மிகுதி, நெடுநாள் கெடாது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தைக்கு அது இறங்குகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கோழிக்கு 2018இல் குறியீடு கிடைத்தது. நம் சிறுவிடைக் கோழி? உடல் சிறுத்து, வெயில் தாங்கி, தானே அடைகாத்துத் தானே குஞ்சைக் காக்கும் இனம் அது. பனங்காட்டு நிழலில் மேய்ந்து வளர்ந்த அந்தக் கோழி முற்றங்களிலிருந்து மறைந்துகொண்டே வருகிறது. சீக்கிரம் வேகவில்லை, சதை கடினம் என்று சொல்லித்தான் நாம் அதைக் கைவிட்டோம். கடினம் கோழியின் குற்றமா, நம் அவசரத்தின் குற்றமா? நேரம் கொடுத்தால் அதன் சாற்றுக்குப் பிராய்லர் கோழி பக்கத்தில் நிற்க முடியாது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

ஆகவே தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முற்றத்தில் இரண்டு சிறுவிடைப் பெட்டைகளையாவது விடுங்கள். மலைப்பூண்டு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். இந்தக் கோடையில் ஒரு முறம் வடகமாவது உலர்த்துங்கள். ஆண்பிள்ளைகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை அடுப்படி முழுவதும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பல்லையும் நீங்கள் உடைத்து உதிருங்கள், கங்கைத் தள்ளிக் கொடுத்து இரண்டு மணி நேரம் நீங்கள் காவல் இருங்கள். சித்திரைத் திருவிழாக் கொடி இறங்கி, காப்பு அவிழ்த்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள். செய்த சட்டியோடு அண்டை வீட்டையும் கூப்பிடுங்கள். ஒரு கோழி ஆறு பேருக்குக் காணும்.